தீபாவளி மனச்சோர்வுக்கு ஐந்து வாரம் முன்பே தயாராகலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கும்போதே இந்தக் கடிதத்தை எழுதுவதற்குக் காரணம் உண்டு. பண்டிகைக் காலத்து மன உளைச்சலைப் பற்றிப் பத்திரிகைகளில் வரும் குறிப்புகள் பெரும்பாலும் தீபாவளிக்கு முதல் நாள்தான் வருகின்றன. "கவலையை மறந்து குடும்பத்தோடு மகிழுங்கள்" என்று முடிகின்றன. அன்றைக்கு அதைப் படிப்பவர் ஏற்கெனவே தண்டல்காரரிடம் கையெழுத்துப் போட்டிருப்பார். நாலு இரவு சரியாகத் தூங்கியிருக்க மாட்டார். மாத்திரை தீர்ந்து மூன்று நாள் ஆகியிருக்கும், மருத்துவரும் சொந்த ஊருக்குப் போயிருப்பார். மனநலப் பிரிவுகளில் வேலை செய்கிற எங்களைப் போன்றவர்கள் ஆண்டுதோறும் பார்ப்பது இதைத்தான். பணம், தூக்கம், மருந்து, குடி, அந்த ஆண்டு வீட்டில் நேர்ந்த சாவு: பண்டிகைத் துயரத்தின் பெரும்பகுதி இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும். ஐந்துமே முன்கூட்டித் தெரிகிற காரணங்கள். அதனால் இப்போதே செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன.

முதலில் பணம். தீபாவளிச் செலவை மனக்கணக்காகப் போடுகிறவர்கள் துணி, பட்டாசு, பலகாரம் என்று மூன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். கணக்கு உதைப்பது விட்டுப்போனவற்றில்தான். ஊருக்குப் போகவர பஸ் கட்டணம், ரயிலில் இடம் கிடைக்காமல் ஆம்னி பஸ் என்று ஆனால் நாலு பேருக்கு அதுவே துணிச் செலவைத் தாண்டும். மகளுக்கும் தங்கைக்கும் வைக்கிற சீர், தலைதீபாவளி என்றால் மாப்பிள்ளைக்கு மோதிரம், தூய்மைப் பணியாளருக்கும் வாட்ச்மேனுக்கும் இனாம், அன்றைய கறி, மறுநாள் சினிமா. ஒரு தாளில் இத்தனையையும் எழுதி, எதிரே கையில் வரப்போகும் தொகையை எழுத வேண்டும். போனஸை அதில் ஏற்றும்போது கவனம் தேவை. குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்பது சட்டம். கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் கொடுத்தால் போதும் என்பதும் சட்டம்தான். மார்ச்சில் கணக்கு முடிக்கும் நிறுவனத்துக்கு நவம்பர் 30 வரை நேரம் இருக்கிறது. அக்டோபரிலேயே தீபாவளி வந்துவிடும் ஆண்டுகளில், "போனஸ் வந்ததும் அடைச்சிடலாம்" என்று வாங்கிய கைமாற்று இங்கேதான் சிக்குகிறது. எந்தத் தேதியில் வரும் என்று அலுவலகத்தில் கேட்டு உறுதியான பிறகே அந்தத் தொகையைத் தாளில் எழுதுங்கள்.

வரவுக்கும் செலவுக்கும் நடுவில் விழுகிற பள்ளத்தை எதைக் கொண்டு மூடுகிறோம் என்பதில்தான் அடுத்த மூன்று மாத நிம்மதி இருக்கிறது. 10,000 ரூபாய் தண்டல் என்றால் பல இடங்களில் கையில் வருவது 8,500. தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 1,500 தானே கூடுதல் என்று தோன்றும். ஆனால் அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டுக்குக் கணக்கிட்டால் வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. வட்டியைவிடக் கொடுமை அந்த நூறு நாள் விழும் காலம். வடகிழக்குப் பருவமழை முழுவதும் அதற்குள் வந்துவிடும். கட்டட வேலை, பெயின்ட் வேலை, உப்பளம், கைத்தறிக்குப் பாவு போடுவது எல்லாம் நின்றுபோகும் மாதங்கள் அவை. கூலி நின்ற மாதத்திலும் தவணை நிற்பதில்லை. தீபாவளிக்கு வாங்கியதைப் பொங்கல் கழிந்த பிறகும் கட்டிக்கொண்டிருக்க வேண்டும், ஆகவே பொங்கலும் கடனிலேயே விடியும். கார்த்திகை, மார்கழியில் தூக்கம் வரவில்லை என்று வருகிறவர்களிடம் பொறுமையாகக் கேட்டால் பல நேரம் தவணைக் கணக்குதான் வெளியே வரும்.

அதனால் செலவைக் குறைப்பதுதான் முதல் வழி. போதவில்லை என்றால் மகளிர் குழுவின் உள்கடன், அதற்கும் பிறகு கூட்டுறவு வங்கியில் நகைக்கடன். செல்போனில் வரும் கடன் செயலிகளைத் தொடவே வேண்டாம். அவற்றில் பல, நம் போனில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் எடுத்துக்கொண்டு உறவினர்களுக்கு அனுப்பி மானத்தை வாங்குகின்றன. அப்படி மிரட்டல் வந்தால் மேலும் பணம் அனுப்பாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். ஏற்கெனவே வங்கிக் கடனில் இருப்பவர்கள், வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் பிறப்பித்த விதியைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். நுண்கடன் நிறுவனங்களுக்கு அந்த நேரம் காலை 9 முதல் மாலை 6 வரை மட்டுமே. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதலே சட்டம் இருக்கிறது. இந்த விவரங்களை மனநலக் கடிதத்தில் ஏன் எழுதுகிறோம் என்றால், வாசலில் வந்து நின்று கத்தும் ஆளுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது என்று நம்புகிறவரின் பயம் வேறு, அவன் விதியை மீறுகிறான் என்று அறிந்தவரின் பயம் வேறு.

கடனை வீட்டில் மறைப்பது கடனைவிட ஆபத்தானது. மறைப்பவர் பெரும்பாலும் ஆண். மனைவிக்குத் தெரியவரும் நாள் பெரும்பாலும் தீபாவளிக்கு முந்தைய இரவு. அன்று வெடிக்கும் சண்டை மற்ற நாள் சண்டை மாதிரி முடிவதில்லை, ஏனென்றால் இரண்டு பேருமே களைத்திருக்கிறார்கள், குழந்தைகள் விழித்திருக்கிறார்கள், விடிந்தால் சொந்தக்காரர்கள் முகத்தில் விழிக்க வேண்டும். ஆகவே இந்தப் பேச்சை மூன்று வாரம் முன்பே, ஒரு விடுமுறை நாளின் பகலில், சாப்பிட்ட பிறகு, கையில் அந்தத் தாளோடு வைத்துக்கொள்ளுங்கள். யாரிடம் எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி என்ற நாலு கட்டம் போதும். "ஏன் வாங்கினே?" என்ற கேள்வியை அன்றைக்கு மட்டும் ஒத்திவையுங்கள். பள்ளிக்குப் போகிற குழந்தைகளிடமும் தொகையைச் சொல்லலாம். "இந்த வருஷம் உனக்கு 1,200 ரூபாய், துணிக்கு எவ்வளவு, வெடிக்கு எவ்வளவுன்னு நீயே பிரிச்சுக்கோ" என்றால் எட்டு வயதுப் பிள்ளை கணக்குப் போடும். கடைசி நாள் வரை "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இழுத்து, பிறகு இல்லை என்பதுதான் பிள்ளைகளை உடைக்கிறது.

அடுத்து தூக்கம். பெண்களின் பண்டிகைச் சோர்வில் பாதி இதுதான். மூன்று இரவு பதினொன்று, பன்னிரண்டு மணி வரை எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றுவிட்டு, தீபாவளியன்று மூன்று மணிக்கு எழுந்து எல்லோர் தலையிலும் எண்ணெய் வைக்க வேண்டும். தொடர்ந்து மூன்று இரவு நாலு மணி நேரத் தூக்கம் என்றால் யாருக்கும் சின்னச் சொல்லுக்கே அழுகை வரும், எரிச்சல் வரும். அதற்குக் குணத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. முறுக்கு, ரிப்பன், தட்டை எல்லாம் காற்றுப்புகாத டப்பாவில் இரண்டு வாரம் தாங்கும். அவற்றைப் பத்து நாள் முன்பே ஒரு ஞாயிறு பகலில், வீட்டு ஆண்கள் பிழிய, முடித்துவிடலாம். அதிரசத்துக்கு மாவைச் சில நாள் முன்பே கிளறி வைப்பதுதான் முறையே. அன்றைக்குச் செய்ய வேண்டியவை வடையும் சுழியமும் மட்டும். இனிப்பில் ஒன்றைக் கடையில் வாங்கினால் குலம் கெட்டுவிடாது.

மனம் சோர்வுக்கும் மிகை எழுச்சிக்கும் மாறிமாறிப் போகும் இருதுருவ மனநோய் (பைபோலார்) உள்ளவர்களுக்குத் தூக்கக் கேடு வெறும் சோர்வோடு நிற்காது. இரண்டு இரவு தூக்கம் கெட்டாலே மிகை எழுச்சி தொடங்கிவிடக் கூடும். இரண்டு மணி நேரம்தான் தூங்கினார், ஆனாலும் களைப்பே இல்லை, ஓயாமல் பேசுகிறார், கடை கடையாக ஏறி அள்ளிக்கொண்டு வருகிறார், ஏடிஎம் அட்டையை யாரிடமோ கொடுக்கிறார் என்றால் "தீபாவளிக் குஷி" என்று சிரித்துவிட்டு விடாமல் அன்றே மருத்துவரை அழையுங்கள். இப்படிப்பட்டவர் உள்ள வீட்டில் அவருக்கு மட்டும் எண்ணெய்க் குளியல் ஏழு மணிக்கு என்று வைத்துக்கொள்வதில் ஒரு தவறும் இல்லை.

சாவு நடந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இறந்த ஆண்டில் பண்டிகை இல்லை, எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது என்பது நம்மில் பல சமூகங்களில் வழக்கம். அக்கம்பக்கத்தார் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பதும் வழக்கம். இது நல்ல ஏற்பாடு. கொண்டாட மனமில்லாதவரை யாரும் வற்புறுத்த முடியாது, அதே சமயம் வாசல் கதவை நாலு பேராவது தட்டுவார்கள். இன்று நடப்பது என்னவென்றால் முதல் பாதி மட்டும் மிஞ்சியிருக்கிறது. பண்டிகை இல்லை, தட்டுகிறவரும் இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் சன்னலைச் சாத்திக்கொண்டு, ஊரே வெடிக்கும் சத்தத்தை நாள் முழுவதும் கேட்டுக்கொண்டு இருக்கிறார்கள். "அவங்க துக்கத்தில இருக்காங்க, தொந்தரவு பண்ண வேண்டாம்" என்று நல்லெண்ணத்தோடுதான் எல்லோரும் ஒதுங்குகிறார்கள். தற்கொலையில் ஒருவரை இழந்த வீடு என்றால் இந்த ஒதுக்கம் இரண்டு மடங்கு. அங்கே அவசியம் போங்கள். பத்து நிமிடம் போதும். இறந்தவர் பெயரைச் சொல்லிப் பேசுங்கள், பெயரைத் தவிர்த்தால்தான் வலிக்கிறது. "இன்னும் எத்தனை நாளைக்கு அழுவே", "விதி அவ்வளவுதான்", "பிள்ளைங்க முகத்துக்காகவாவது சிரி" என்ற மூன்றையும் விட்டுவிடுங்கள். "இன்னிக்கு எப்படிப் போச்சு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு கேட்பது எல்லா ஆறுதலையும்விட மேல்.

வீட்டுக்குள் இருப்பவர்கள் முன்பே பேசி முடிவு செய்ய வேண்டிய கேள்விகள் சில உண்டு. விளக்கு ஏற்றுவதா, எண்ணெய் தேய்ப்பதா, அன்று ஊரில் இருப்பதா வேறெங்காவது போவதா? எல்லாவற்றையும்விட, இறந்தவர் செய்துவந்த வேலையை யார் செய்வது? தலையில் முதல் சொட்டு எண்ணெய் வைத்தவர் தாத்தா என்றால் அந்த நிமிடம் வெறுமையாகத்தான் வரும். யார் வைப்பது என்று முடிவாகியிருந்தால் அழுகையோடாவது அது நடந்துவிடும். முடிவாகவில்லை என்றால் ஆளுக்கொரு மூலையில் போய் உட்கார்வார்கள். பல வீடுகளில் தீபாவளியன்று புதுத்துணி வைத்து முன்னோருக்குப் படைக்கும் வழக்கம் இருக்கிறது. துக்கத்துக்கு அன்றைய நாளிலேயே இடம் ஒதுக்கித் தருகிற சடங்கு அது. சம்மதம் உள்ள வீடுகள் அதை அவசரமாக முடிக்காமல், அவருக்குப் பிடித்ததைச் சமைத்து, அரை மணி நேரம் அவரைப் பற்றிப் பேசும் நேரமாக வைத்துக்கொள்ளலாம்.

தாயையோ தகப்பனையோ இழந்த குழந்தைகளைத் துக்கத்தின் பெயரால் சும்மா உட்காரவைக்கக் கூடாது. புதுத்துணி வேண்டுமா, வெடிக்கப் போகிறாயா என்று அவர்களையே கேளுங்கள். காலையில் அழுத பிள்ளை மாலையில் மத்தாப்போடு ஓடுவது பாசக் குறைவல்ல, குழந்தைகள் துக்கப்படுகிற விதமே அப்படித்தான். கணவரை இழந்த பெண்ணை ஆரத்தியிலிருந்தும், தலையில் எண்ணெய் வைப்பதிலிருந்தும், துணி எடுத்துக் கொடுப்பதிலிருந்தும் விலக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பெற்ற மகனுக்கு எண்ணெய் வைக்கக் கூடாது என்று ஒரு தாயை ஒதுக்கி நிறுத்துவதைவிட மனச்சோர்வுக்கு வேறு விதை வேண்டாம். இந்தத் தீபாவளியிலிருந்தே அதை நிறுத்தலாம், யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

துக்கம் அலை அலையாக வரும், நடுநடுவே சிரிப்பும் வரும். லேகியம் கிளறும் மணம் போதும், திடீரென்று ஓர் அலை வர. இது நோயல்ல, மாத்திரை வேண்டாம். ஆறு மாதம் தாண்டியும் அன்றாட வேலை எதுவும் செய்ய முடியவில்லை, ஏக்கம் ஒரு நாளும் தணியவில்லை, இறந்தவரோடு போய்விட வேண்டும் என்ற எண்ணம் வருகிறது என்றால் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

இனி மருந்து. தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு மாத்திரைப் பட்டையை எடுத்து எண்ணுங்கள். தீபாவளி கழிந்து ஒரு வாரம் வரைக்கும் இருக்க வேண்டும். அந்த வாரத்தில் தனியார் மருத்துவமனைகள் பல மூடியிருக்கும், அரசு மருத்துவமனையில் அவசரப் பிரிவு இருக்குமே தவிர புறநோயாளிப் பிரிவு விடுமுறை நாளில் இயங்காது. மனநல மாத்திரைகளைச் சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் கொடுக்கவும் மாட்டார்கள். ஊருக்குப் போகிறவர்கள் மாத்திரையையும் சீட்டையும் கைப்பையில் வையுங்கள், பஸ்ஸின் அடியில் போடும் பெட்டியில் வேண்டாம். மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், விபரீதக் கனவு வரும். அதை "பண்டிகை அலைச்சல்" என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கும் ஒரு சொல்: இந்த மாத்திரைகளின் பலன் தெரிய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். தீபாவளி நேரத்தில் நன்றாக இருக்க வேண்டும் என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய வாரம் இதுதான்.

இருதுருவ மனநோய்க்குத் தரும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தனி எச்சரிக்கை தேவைப்படுகிறது. தீபாவளி அமாவாசைக்கு மறுநாளே கந்த சஷ்டி விரதம் தொடங்குகிறது. ஆறு நாள் தண்ணீரையும் உப்பையும் குறைத்தால் ரத்தத்தில் லித்தியம் அளவு ஏறிவிடும். கை நடுக்கம், வாந்தி, பேச்சுக் குழறல், தள்ளாட்டம் வந்தால் அது விரதச் சோர்வல்ல, உடனே மருத்துவமனை. பண்டிகைச் சாப்பாட்டில் வயிற்றுப்போக்கு வந்தாலும், அலைந்த கால் வலிக்கு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரை போட்டாலும் இதே ஆபத்து உண்டு. விரதம் இருக்க விரும்புகிறவர் மருத்துவரிடம் கேட்டு, தண்ணீரும் பால், பழமும் குறையாத விரதமாக வைத்துக்கொள்ளட்டும்.

குடி விஷயத்தில் பண்டிகைக் காலத்து மூன்று தவறுகளைச் சொல்ல வேண்டும். முதலாவது, "ஒரு நாள்தானே" என்று குடிப்பதற்காக மனநல மாத்திரையை இரண்டு நாள் நிறுத்துவது. மது மனச்சோர்வைக் கூட்டும் பொருள், அதோடு மருந்தும் இல்லை என்றால் மறுநாள் காலை மிக இருண்ட காலையாக இருக்கும். தூக்க மாத்திரையோடு மது சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம். இரண்டாவது, குடியை நிறுத்த டைசல்ஃபிரம் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலப்பது. மனைவியின் தவிப்பு புரிகிறது. ஆனால் அது உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இதயம் படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து இருக்கிறது. தீபாவளியன்று நண்பர்கள் ஊற்றிக் கொடுக்கப்போவது நிச்சயம் என்றிருக்க, அவருக்கே தெரியாத மருந்து உடலில் இருக்கக் கூடாது.

மூன்றாவது தவறு, நல்ல நோக்கத்தில் நடப்பது. தீபாவளி முழுவதும் குடித்துவிட்டு, கார்த்திகை முதல் தேதி மாலை போட்டு ஒரே நாளில் நிறுத்துவது. பல ஆண்டுகளாகத் தினமும் நிறையக் குடித்தவரின் மூளை மதுவுக்குப் பழகியிருக்கிறது. சட்டென்று நிறுத்தினால் முதல் நாளிலேயே கை நடுக்கமும் வியர்வையும், இரண்டு நாளுக்குள் வலிப்பும், இரண்டிலிருந்து நாலு நாளுக்குள் இல்லாதது கண்ணில் தெரிவதும், ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுவதும் வரலாம். "சாமி வந்திருக்கு", "விரதத்தில் ஏதோ குறை" என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். அது உயிருக்கு ஆபத்தான நிலை. மாலை போடுவதற்கு ஒரு வாரம் முன்பே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போனால், படிப்படியாகக் குறைக்கும் மாத்திரையும் தயாமின் (வைட்டமின் பி1) ஊசியும் கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்த வைப்பார்கள். மாலை போடும் உறுதி பெரிய பலம். 48 நாளைத் தாண்டியும் அது நிலைக்க வேண்டுமானால் அந்த ஒரு வாரத்தைச் செலவிட வேண்டும். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446.

தனியே இருக்கும் முதியவர்களுக்குத் தீபாவளியைவிட அதற்கு அடுத்த நாலு நாள்தான் கடினம். பிள்ளைகள் வந்து போன வீட்டின் அமைதி அப்போதுதான் உறைக்கும். வெளிநாட்டில் இருப்பவர்கள் தீபாவளியன்று ஒரு மணி நேரம் பேசுவதைவிட, அன்றிலிருந்து ஒரு வாரம் தினம் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் பேசுவது நல்லது. முதியோர் உதவி எண் 14567. மறதி நோய் உள்ளவர்களும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளும் வெடிச் சத்தத்தில் நிலைகுலைவார்கள். தமிழ்நாட்டில் பட்டாசு வெடிக்க அனுமதிக்கப்பட்ட நேரம் சில ஆண்டுகளாகக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று இருந்துவருகிறது. அந்த நேரத்தில் தெருவை ஒட்டாத உள்ளறையில், மின்விசிறியோ பாட்டோ ஓட, காதுக்கு மூடியோடு அவர்களோடு ஒருவர் இருந்தால் போதும். பக்கத்து வீட்டாரிடம் முன்பே சொல்லி வையுங்கள், பெரும்பாலோர் கேட்பார்கள்.

கல்யாணம் ஆகாதவரிடம் "எப்போ சாப்பாடு போடறே?", ஆனவரிடம் "விசேஷம் ஏதும் இல்லையா?" என்று கூட்டத்தின் நடுவே கேட்பது நமக்குப் பழகிப்போனது. கருச்சிதைவு நடந்து இரண்டு மாதம் ஆன பெண்ணுக்கு அந்தக் கேள்வி எப்படிப் போய் விழும் என்று யோசித்துவிட்டு, கேட்காமல் இருங்கள். கேட்கப்படுகிறவர்கள் "இருந்தா நானே சொல்றேன் அத்தை" என்று ஒரு வரியைத் தயாராக வைத்துக்கொள்வதும், பேச்சை மாற்றிவிட மாமியாரையோ அண்ணனையோ முன்பே கேட்டுக்கொள்வதும் உதவும். கேட்கிறவர் வாயை மாமியாரே அடைத்தால் ஊர் வாய் அடைபடும்.

பண்டிகைச் சோர்வு எப்போது நோயாகிறது? பெரும்பாலான நாள், நாளின் பெரும்பகுதி, தொடர்ந்து இரண்டு வாரம் மனம் கனத்திருந்தால், அல்லது எதிலும் நாட்டம் அற்றுப்போயிருந்தால், அதோடு தூக்கம், பசி, உடல் பலம், கவனம் கெட்டு, "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற எண்ணமும் சேர்ந்தால், அது சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வு. நம் மக்கள் இதைச் சோகம் என்று சொல்வதைவிட "உடம்பெல்லாம் வலி", "தலை பாரம்", "நெஞ்சு அடைக்குது" என்றுதான் சொல்வார்கள்.

சந்தேகம் வந்தால் நேரடியாகக் கேளுங்கள்: "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, கேட்டதும் பலருக்கு மூச்சு விட இடம் கிடைக்கிறது. ஆம் என்றால் அதிர்ச்சி காட்டாமல், சத்தியம் வாங்காமல், புத்தி சொல்லாமல் கேளுங்கள். வழி யோசித்து வைத்திருக்கிறாரா, நாள் குறித்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். ஆம் என்றால் அவரைத் தனியே விடக் கூடாது. வீட்டில் உள்ள பூச்சிமருந்தையும் மிச்ச மாத்திரைகளையும் வேறு வீட்டில் கொண்டுபோய் வையுங்கள், பூட்டுப் போட்டுச் சாவியை அதே வீட்டில் வைப்பதில் பயனில்லை. இந்த எண்ணம் உச்சத்தில் இருப்பது பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான், அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கும். அன்றே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். ஏதாவது செய்துகொண்டார் என்றால் "போலீஸ் கேஸ் ஆயிடும்" என்று பயந்து ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவதை அரசின் கடமையாக்குகிறது.

தங்கள் நாளிதழுக்கும் எங்கள் வேண்டுகோள் ஒன்று இருக்கிறது. "தீபாவளிக்குப் புத்தாடை வாங்கித் தராததால் மாணவி தற்கொலை" என்ற வகைத் தலைப்பு தமிழ்ப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு சட்டைக்காக யாரும் சாவதில்லை. அதன் பின்னால் இருந்த பல மாதத் துயரத்தைத் தலைப்பு மறைக்கிறது, பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் தலையில் கொலைப்பழியைச் சுமத்துகிறது, அதே நிலையில் இருக்கும் இன்னொரு பிள்ளைக்கு வழி காட்டுகிறது. தற்கொலைச் செய்தியில் வழிமுறையை எழுதக் கூடாது, முதன்மை இடத்தில் போடக் கூடாது, ஒற்றைக் காரணமாகச் சுருக்கக் கூடாது என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலை இந்தியப் பத்திரிகை மன்றமே 2019-ல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. பண்டிகை வந்தாலே தற்கொலை கூடும் என்று எழுதுவதையும் தவிர்க்கக் கேட்டுக்கொள்கிறோம். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் பற்றி நெடுநாளாக அப்படி எழுதிவந்தார்கள், ஆனால் அங்கே நவம்பர், டிசம்பர்தான் எண்ணிக்கை குறைந்த மாதங்கள்.

அதற்குப் பதிலாக, இன்றிலிருந்து தீபாவளிக்குப் பிந்தைய வாரம் வரை, துணிக்கடை விளம்பரத்துக்குக் கீழே ஒரு சிறு கட்டத்தில் இந்த எண்களை வெளியிடுங்கள்: மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104, சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகா 044-24640050. கூப்பிடத் தயங்குகிறவர்களுக்காக, கூப்பிட்டால் என்ன நடக்கும் என்பதையும் இரண்டு வரி போடலாம். 14416 கட்டணமில்லாத எண், நாள் முழுவதும் இயங்குவது. முதலில் மொழியைத் தேர்வு செய்யச் சொல்லும், தமிழ் உண்டு. ஆலோசகர் ஒருவர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடமோ உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனைக்கோ வழிகாட்டுவார். நீங்கள் நோயாளியாக இருக்க வேண்டும் என்பதில்லை, "எங்க அண்ணன் நாலு நாளா சாப்பிடல, என்ன செய்யறதுன்னு தெரியல" என்று கேட்கவும் அழைக்கலாம். இணைப்பு கிடைக்கவில்லை என்றால் அடுத்த எண்ணை முயலுங்கள்.

இப்படிக்கு,
மனநலச் சமூகப் பணியாளர்கள்,
திருச்சிராப்பள்ளி